முட்டைப் பந்தும் ஆறாம் நம்பர் சட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்த நேரம், பத்தாவது படிக்கிற அக்கா பையன் ஏதாவது ஸ்போர்ட்ஸ் படம் போடச் சொல்லி நச்சரித்தான். 'இன்விக்டஸ்' போட்டேன். 2009-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய படம்; நெல்சன் மண்டேலாவாக மார்கன் ஃப்ரீமேன், தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் கேப்டன் பீனாராக மேட் டேமன். படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் அவன் கேட்ட கேள்வி, "மாமா, பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கு?" படம் முடிந்ததும் கேட்டது, "ஒரு மேட்ச் ஜெயிச்சா நாடு எப்படி மாமா ஒண்ணாகும்? நம்ம தெருவுல வேர்ல்ட் கப் ஜெயிச்ச மறுநாளே பார்க்கிங்குக்கு அடிச்சுக்கிட்டாங்களே."

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அந்தக் காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி அதன்மேல் தோலைத் தைத்துப் பந்து செய்தார்கள், அந்த வடிவம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கேள்விக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். ரக்பி தெரியாதவர்களுக்கும், தென்னாப்பிரிக்கா என்றால் கிரிக்கெட் மட்டும் ஞாபகம் வருகிறவர்களுக்கும் உதவும் என்று அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாதாரண விளையாட்டுப் படத்தில் ஒரு சண்டைதான் இருக்கும். நம்ம டீம், எதிர் டீம். முதலில் அடி வாங்குவார்கள், நடுவில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு போவான், கோச் ஒரு பேச்சு பேசுவார், கடைசி நிமிஷத்தில் ஜெயிப்பார்கள், விசில் ஊதினால் படம் முடிந்தது. 'நாட்டை ஒன்றுசேர்த்த அணி' வகைப் படத்தில் சண்டை இரண்டு. ஒன்று மைதானத்தில் நடக்கிறது, இன்னொன்று கேலரியில். நம்ம டீம் என்று யாரைச் சொல்வது என்பதிலேயே நாட்டு மக்களுக்குள் ஒற்றுமை கிடையாது. பாதிப்பேருக்கு அந்த டீம் உயிர், மீதிப்பேருக்கு அது தோற்றால்தான் நிம்மதி. அதனால் இந்த வகைப் படத்தில் மாறவேண்டியவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை, பார்க்கிறவர்கள். இது பிடிபட்டுவிட்டால், ரக்பி விதி ஒன்றுகூடத் தெரியாமலே படம் புரியும்.

தென்னாப்பிரிக்காவில் 1948-இலிருந்து நிறவெறி என்பது சட்டமாகவே இருந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சேரலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதையெல்லாம் தோலின் நிறம் முடிவு செய்தது. நம்மவர்களும் அதில் மாட்டியவர்கள்தான். 1860-இல் இதே சென்னைத் துறைமுகப் பக்கமிருந்து, அப்போது மெட்ராஸ், கரும்புத் தோட்ட வேலைக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் போய் நின்றது. அங்கே இன்றைக்கும் நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களில் பலருடைய கதை அந்த மாதிரிக் கப்பல்களில்தான் தொடங்குகிறது.

அந்த நாட்டில் ரக்பி வெள்ளையர் ஆட்டம், அதிலும் ஆஃப்ரிக்கானர்களுக்கு, அதாவது டச்சுக் குடியேறிகள் வழிவந்த வெள்ளையர்களுக்கு, அது கிட்டத்தட்ட மதம். பச்சைச் சட்டை, தங்க நிறக் காலர், நெஞ்சில் துள்ளுகிற ஸ்பிரிங்பாக் மான். அந்த மானைப் பார்த்தாலே கறுப்பின மக்களுக்குப் போலீஸ் லத்தி ஞாபகம் வரும். மைதானத்தில் அவர்களுக்கென்று ஓரமாக ஒரு அடைப்பு ஒதுக்கியிருப்பார்கள். அதில் நின்றுகொண்டு, எந்த நாட்டு அணி வந்து ஆடினாலும் அதற்குத்தான் கை தட்டுவார்கள். மண்டேலாவை அடைத்து வைத்திருந்த ராபன் தீவுச் சிறையில் இருந்தவர்களும் அப்படித்தான். சொந்த நாடு தோற்கவேண்டும் என்று கைதட்டுகிற கேலரி, படத்தின் உண்மையான தொடக்கப்புள்ளி அது.

வெளி உலகமும் சும்மா இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் 1964 முதல் தென்னாப்பிரிக்காவுக்கு இடம் இல்லை, அப்புறம் பல விளையாட்டுகளில் கதவைச் சாத்தினார்கள். இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு, அக்கா பையனுக்கு இது தெரியவே தெரியாது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது. அணியில் நம்ம ஊர் விஜய் அமிர்தராஜும் அண்ணன் ஆனந்தும். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. விஜய்க்கு அப்போது 20 வயது. ஒரு டென்னிஸ் ஆட்டக்காரனுக்கு அந்த வயதில் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்; ஆனாலும் செய்தது சரிதான். கிரிக்கெட்டில் அவர்கள் திரும்பி வந்தது 1991 நவம்பரில், கொல்கத்தா ஈடன் கார்டனில், நம்மோடுதான். ரக்பி உலகக் கோப்பை தொடங்கியது 1987-இல். முதல் இரண்டு கோப்பையிலும் அவர்களைச் சேர்க்கவில்லை. மூன்றாவது, 1995-இல், அவர்கள் மண்ணிலேயே நடந்தது.

இனி மண்டேலா. 27 வருஷம் சிறை, 1990 பிப்ரவரி 11 விடுதலை, 1994 மே 10 ஜனாதிபதி பதவியேற்பு. படம் விடுதலை நாளிலிருந்தே தொடங்குகிறது, அந்த முதல் காட்சியை நான் பையனுக்கு ரிமோட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தடவை காட்டினேன். சாலைக்கு ஒரு பக்கம் புல்தரையில் வெள்ளைக்காரப் பையன்கள் ஒழுங்கான சீருடையில் ரக்பி பயிற்சி. எதிர்ப்பக்கம் புழுதியில் கறுப்பினப் பிள்ளைகள் கால்பந்து. இரண்டு பக்கமும் வேலி. நடுவில் கார்கள் வரிசையாகப் போகின்றன, உள்ளே மண்டேலா. இந்தப் பக்கப் பிள்ளைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், அந்தப் பக்கம் கோச் முகத்தைச் சுளிக்கிறார். ஒன்றிரண்டு வசனத்திலேயே நாடு என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துபோகிறது. முழுப் படமும் அந்தச் சாலையைக் கடப்பதைப் பற்றித்தான்.

மண்டேலா ஏன் ரக்பியைப் பிடித்தார்? பெரிய மனசு என்று மட்டும் சொன்னால் பாதிதான் சரி. அவர் கணக்குப் போட்டவர். சிறையிலேயே ஆஃப்ரிக்கானர்களின் மொழியைப் படித்தார், ரக்பியையும் படித்தார். படத்தில் வராத ஒரு சின்ன சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போல்ஸ்மூர் சிறையில் அவருக்குச் சாப்பாடு ஆறிப்போய்த்தான் வரும். சூடு பண்ணிக்கொள்ள ஒரு மின் அடுப்பு, ஹாட் பிளேட், வேண்டும். அதற்கு மனது வைக்கவேண்டிய அதிகாரி கைதிகளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர், ஆனால் ரக்பி பைத்தியம். மண்டேலா அப்போதைய ஆட்டக்காரர்கள், மேட்ச்கள் எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டு, அதிகாரி வந்ததும் அவருடைய மொழியிலேயே ரக்பி பேச ஆரம்பித்தார். அதிகாரி உருகிவிட்டார். ஹாட் பிளேட் வந்தது. எதிராளி எதை நேசிக்கிறானோ அதன் வழியாக அவனிடம் போவது என்ற வித்தையை அவர் சோறு சூடு பண்ணுவதில்தான் பழகியிருக்கிறார். பிறகு அதையே ஒரு நாட்டின் அளவுக்குச் செய்தார்.

ஆட்சி மாறியதும் புதிய விளையாட்டு நிர்வாகம் அந்த மான் சின்னத்தையும் ஸ்பிரிங்பாக் பெயரையும் தூக்கிவிட நினைத்தது. நியாயமான கோபம். நாம் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். படத்தில் அந்தக் கூட்டத்துக்கு மண்டேலாவே நேரில் போகிறார். அவர்கள் உயிராக நினைப்பதைப் பிடுங்கினால், நம்மைப் பற்றி அவர்கள் பயந்தது சரி என்றாகிவிடும் என்கிற ரீதியில் பேசுகிறார். சொந்தக் கட்சி ஆட்களே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இதைக் கவனியுங்கள்: இந்த வகைப் படத்தில் கதாநாயகனுக்கு எதிரிகளைவிடச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இன்னொரு காட்சியில், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசத் துணி கொடுக்கிற இடத்தில், ஒரு பையன் பச்சை ஜெர்சியை வாங்காமல் ஓடிவிடுவான். போட்டுக்கொண்டு போனால் தெருவில் மற்ற பையன்கள் அடிப்பார்கள். குளிருக்குச் சட்டை இல்லாதவனும் தொடாத சட்டை அது.

இந்த இடத்தில் பையன், "சரி மாமா, ஆட்டம்தான் என்ன?" என்றான். கபடி தெரிந்தவனுக்கு ரக்பி பாதி தெரியும். பதினைந்து பேர் ஒரு பக்கம், 80 நிமிஷம். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கவேண்டும். அதற்குப் பெயர் டிரை, 5 புள்ளி. வைத்தபின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கிற பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவிலேயே பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது கம்பத்துக்கு நடுவே உதைக்கிற டிராப் கோலுக்கும் 3. பிடிப்பதெல்லாம் நம்ம கபடி மாதிரி, இடுப்பு, தொடை, கணுக்கால். எட்டுப் பேர் எட்டுப் பேராகத் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்களே, அது ஸ்க்ரம். கயிறு இழுக்கிற போட்டியைத் திருப்பிப் போட்டால் வரும். முக்கியமான விதி ஒன்றே ஒன்றுதான்: கையால் பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னாலோ பக்கத்திலோ இருப்பவனுக்குத்தான் கொடுக்கவேண்டும். இது போதும். ஆஃப்சைடு எல்லாம் ரக்பி ஆடுகிறவர்களுக்கே சண்டை வருகிற விஷயம், விடுங்கள்.

கேலரிச் சண்டையைக் காட்ட ஈஸ்ட்வுட் ஒரு நல்ல தந்திரம் பண்ணியிருக்கிறார். நான்கு கோடிப்பேரைக் காட்டமுடியாது, அதனால் மண்டேலாவின் பாதுகாவலர்களைக் காட்டுகிறார். முதலில் எல்லோரும் கறுப்பினத்தவர்கள், போராட்டக் காலத்து ஆட்கள். கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்டால், வாசலில் வந்து நிற்பது பழைய அரசின் சிறப்புப் போலீஸ்காரர்கள், வெள்ளையர்கள், கையில் மண்டேலாவே கையெழுத்துப் போட்ட தாளோடு. நேற்றுவரை துரத்தியவனும் ஓடியவனும் இன்று ஒரே சின்ன அறையில் மேஜை போட்டு உட்காரவேண்டும். முதல் சில காட்சிகளில் யாரும் யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். படம் போகப்போக ஒருத்தர் இன்னொருத்தருக்கு ரக்பி விளக்குகிறார், அப்புறம் புல்வெளியில் சேர்ந்து ஆடுகிறார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை. அந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது. பீனார் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கும் இப்படித்தான்: இறுதிப் போட்டிக்கு வீட்டுக்காரர்களோடு அவருக்கும் ஒரு டிக்கெட் வருகிறது, அவ்வளவுதான், பெரிய வசனம் இல்லை.

இறுதிப் போட்டி, 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க். எதிரே நியூசிலாந்து. அவர்களிடம் ஜோனா லோமு என்று ஒரு 20 வயதுப் பிள்ளை, லாரி மாதிரி உடம்பு, ஓடினால் மான். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரை வைத்தவன், குறுக்கே வந்தவர்மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனவன். தென்னாப்பிரிக்கா டர்பன் அரையிறுதியில், கொட்டுகிற மழையில், பிரான்ஸை 19-15 என்று தட்டுத்தடுமாறித் தாண்டி வந்திருந்தது. டர்பனில் அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், மைதானத்தில் தேங்கிய தண்ணீரைக் கறுப்பினப் பெண்கள் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாடு மாறியும் துடைப்பம் யார் கையில் இருந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் போட்டிக்கு முன் மண்டேலா மைதானத்துக்குள் நடந்து வந்தார். உடம்பில் அதே பச்சை ஜெர்சி, தலையில் அதே மான் போட்ட தொப்பி. முதுகில் 6. அது பீனாரின் நம்பர். ஒரு விநாடி அமைதி, அப்புறம் பெரும்பாலும் வெள்ளையர்களே நிரம்பியிருந்த அந்த அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் "நெல்சன், நெல்சன்" என்று கத்தத் தொடங்கினார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்வரை தீவிரவாதி என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்கள். சேரிப் பையன் வாங்க மறுத்த சட்டையை நாட்டின் கறுப்பின ஜனாதிபதி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். கேலரிச் சண்டையின் முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது, பந்து இன்னும் உதைக்கப்படவே இல்லை.

பிறகு நடந்த ஆட்டம், உண்மையைச் சொன்னால், அழகான ஆட்டம் இல்லை. இரண்டு அணியும் ஒரு டிரைகூட வைக்கவில்லை. 80 நிமிஷ முடிவில் 9-9, கூடுதல் நேரத்தில் 12-12. கடைசியில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி ஒரு டிராப் கோல் உதைத்தார், 15-12. தென்னாப்பிரிக்காவின் 15 புள்ளியும் அவர் ஒருவர் காலில் வந்தது. படத்தில் இந்தப் பகுதி ஸ்லோ மோஷனில் உறுமலும் மூச்சுமாக ரொம்ப நேரம் இழுக்கும், பையன் நடுவில் எழுந்து போய் முறுக்கு டப்பாவை எடுத்துவந்தான், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் மைதானத்துக்கு வெளியே நடக்கிற ஒரு துண்டுக் கதை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். காலி டப்பா பொறுக்குகிற ஒரு கறுப்பினச் சிறுவன், போலீஸ் காரில் ரேடியோ கமென்ட்ரி கேட்டுக்கொண்டிருக்கிற இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள். முதலில் விரட்டுகிறார்கள். அவன் குப்பை எடுப்பதுபோல மறுபடி காருக்குப் பக்கத்தில் வருகிறான். ஒவ்வொரு தடவை படம் அங்கே திரும்பும்போதும் அவன் ஒரு அடி நெருங்கியிருப்பான். கடைசி விசிலுக்கு அவன் அவர்கள் தோள்மேல் இருக்கிறான். கொஞ்சம் சினிமாத்தனம்தான். எனக்குத் தொண்டை அடைத்தது.

கேலரி மாறுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை என்று அவனிடம் சொன்னேன். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட். தொடருக்கு முன்னால் டில்லியில் பிட்சையே தோண்டிப் போட்டிருந்தார்கள், ஊரெங்கும் பதற்றம். ஜெயிக்க 271 வேண்டும். முதுகுவலியோடு நின்று 136 அடித்த சச்சின் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை. அடுத்த நாலு ரன்னுக்குள் மீதி மூன்று விக்கெட்டும் போய், 12 ரன்னில் தோல்வி. எங்கள் வீட்டில் அப்பா டி.வி.யை அணைக்க எழுந்து போனவர், சுவிட்ச்மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். திரையில் சேப்பாக்கம் கேலரி முழுக்க எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது, அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, காபி கேட்டார். அதே வருஷம் கார்கில் வந்தது. கேலரி ஒரு சாயங்காலம் மாறியதால் எல்லை அமைதியாகிவிடவில்லை. அதற்காக அந்தச் சாயங்காலம் பொய்யும் இல்லை.

இன்விக்டஸ் சொல்லாமல் விடுவதும் இருக்கிறது. 1995 அணியில் வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரர் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். படத்தில் சேரிக் குழந்தைகள் "செஸ்டர், செஸ்டர்" என்று சூழ்ந்துகொள்வார்கள். மேற்கு சமோவாவுக்கு எதிரான காலிறுதியில் நான்கு டிரை வைத்தவர் அவர். அணிக்குள்ளேயே தன்னை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள் என்று பிற்பாடு அவர் சொன்னார். ஒற்றுமையின் முகம் என்று ஊரெல்லாம் காட்டப்பட்டவருக்கே நிலைமை அதுதான். அதேபோல மண்டேலா 'இன்விக்டஸ்' என்ற கவிதையைக் கேப்டனுக்குக் கொடுப்பதாகப் படத்தில் வருகிறது; உண்மையில் கொடுத்தது வேறு ஒன்று, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஒரு உரையிலிருந்து எடுத்த பகுதி. கவிதைதான் படத்துக்குத் தலைப்பு என்பதால் மாற்றிவிட்டார்கள். சினிமா அப்படித்தான், அதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. செஸ்டர் விஷயம் அப்படி இல்லை, அதை ஒரு காட்சியிலாவது தொட்டிருக்கலாம்.

"அப்ப ஒண்ணாகலையா மாமா?" என்றான். ஒரு நாளில் ஆகவில்லை. 1995-இல் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்த சியா கொலிசி, போர்ட் எலிசபெத் பக்கத்து ஸ்விடே என்ற குடியிருப்பில் வளர்ந்தவன். 2007-இல் தென்னாப்பிரிக்கா மறுபடி கோப்பையை வென்றபோது வீட்டில் டி.வி. இல்லாததால் அந்த ஆட்டத்தை ஊர்ச் சாராயக்கடையில் போய்ப் பார்த்தவன். 2018-இல் சர்வதேச ஆட்டங்களில் அந்த அணியின் கேப்டனானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ஜப்பானின் யோகோஹாமாவில், இங்கிலாந்தை 32-12 என்று வென்றார்கள். 1995, 2007 இரண்டு இறுதிப் போட்டிகளையும் ஒரு டிரைகூட இல்லாமல் உதைத்தே ஜெயித்த அணிக்கு, இறுதிப் போட்டியில் முதல் டிரையை அன்று வைத்தவர் மகசோலே மபிம்பி, அடுத்தது செஸ்லின் கோல்பே. இரண்டு பேருமே நிறவெறிக் காலமாக இருந்திருந்தால் அடைப்புக்குள் நின்று எதிரணிக்குக் கை தட்டியிருப்பார்கள்.

போனில் அந்தக் கோப்பை வாங்குகிற வீடியோவைத் தேடி அவனிடம் காட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த ஜனாதிபதி ராமபோசா பச்சை ஜெர்சி போட்டிருந்தார். பையன் போனை வாங்கி, திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி கொலிசியின் முதுகைப் பார்த்தான். "இவருக்கும் ஆறா?" என்றான்.